பல்லவர் தடத்தில் ஒரு பயணம்: திட்டமிடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரே ஒரு கருப்பொருளைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள், உறவினர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். பொதுவாகச் சொன்னால் பிடிபடாது என்பதால் பல்லவர் தடத்தையே எடுத்துக்கொண்டேன்: விழுப்புரம் பக்கத்துக் குகைக் கோயில்களில் தொடங்கி, மாமல்லபுரம் வழியாகக் காஞ்சிபுரத்தில் முடிகிற பயணம்.

கருப்பொருள் பயணம்னா என்ன? சாதாரண கோயில் டூருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

டூரில் ஊர்களைப் பக்கம் பக்கமாக இருக்கிறது என்பதற்காகச் சேர்ப்பார்கள். காஞ்சிபுரத்தில் நாலு கோயில், பட்டுக்கடை, மதியச் சாப்பாடு, சாயங்காலம் மாமல்லபுரம் என்று போகும். கருப்பொருள் பயணத்தில் ஒரு கேள்விதான் ஊர்களைச் சேர்க்கிறது. பல்லவர் தடத்தில் அந்தக் கேள்வி இது: செங்கல்லும் மரமுமாகக் கோயில் கட்டிக்கொண்டிருந்த நாட்டில் திடீரென்று ஒரு அரசன் பாறையைக் குடைகிறான், அடுத்து வந்தவர்கள் முழுப் பாறையையே கோயிலாகச் செதுக்குகிறார்கள், நூறு வருடத்துக்குள் கல்லை அடுக்கி விமானம் (கருவறைக்கு மேல் உயரும் கோபுரம்) எழுப்புகிறார்கள். இது எப்படி நடந்தது?

இந்தக் கேள்வியோடு போனால் விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டுக் குகையில் இருக்கும் வெறும் சதுரத் தூண்கூடப் பேச ஆரம்பித்துவிடும். கேள்வி இல்லாமல் போனால் அதே இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது.

எந்தத் தலைப்பை எடுக்கிறதுன்னே தெரியல. எப்படி முடிவு பண்றது?

ஏற்கெனவே மனதில் அரித்துக்கொண்டிருக்கிற விஷயத்தை எடுங்கள். மதுரையைச் சுற்றி இருக்கிற சமண மலைகள் (கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு) அருமையான தடம். தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆர்வம் உள்ளவர்கள் அதில் தொடங்கலாம். செம்பியன் மாதேவி என்ற ஒரே ஒரு சோழ அரசியைப் பிடித்துக்கொண்டு, அவர் கற்றளியாக (கல் கோயிலாக) எடுப்பித்த கோயில்களைக் காவிரிக்கரையில் தேடிப் போகலாம்; கோனேரிராஜபுரத்தில் அவர் கணவர் கண்டராதித்தர் லிங்கத்தை வணங்குகிற மாதிரி ஒரு சிற்பமே இருக்கிறது.

‘தமிழ்நாட்டுக் கோயில்கள்’ என்பது தலைப்பு ஆகாது, அதற்கு ஒரு ஆயுசு போதாது. ஒரு அரசமரபு, ஒரு ஆள், ஒரு ஆறு, ஒரு கைத்தொழில், இப்படிச் சுருக்குங்கள். மூன்று, நான்கு நாளில் பார்த்து முடிக்கிற அளவுக்குச் சுருங்கினால்தான் தலைப்பு உருப்படி.

பல்லவர் தடத்தில் என்னென்ன ஊர் வரும்?

விழுப்புரம், செஞ்சி பக்கம் மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை, மேலச்சேரி. வந்தவாசி பக்கம், தேசூருக்கு அருகில் சீயமங்கலம். கடற்கரையில் மாமல்லபுரமும் அதை ஒட்டிய சாளுவன்குப்பமும். காஞ்சிபுரத்தில் கைலாசநாதர், வைகுந்தப் பெருமாள் இரண்டும் கட்டாயம். காஞ்சியிலிருந்து வந்தவாசி சாலையில் கொஞ்ச தூரத்தில் மாமண்டூர், குரங்கணில்முட்டம்.

ஒரு எச்சரிக்கை. மேப்பில் ‘மாமண்டூர்’ என்று மட்டும் போட்டால் செங்கல்பட்டுக்குத் தெற்கே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் (ஜிஎஸ்டி சாலை) இருக்கும் மாமண்டூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். நமக்கு வேண்டியது தூசி என்ற ஊருக்குப் பக்கத்து மாமண்டூர். அதேபோல் தென்பெண்ணை அணைக்கட்டு இருக்கும் தளவானூர் வேறு, செஞ்சி வட்டத்துக் குகைத் தளவானூர் வேறு. ஊர்ப்பெயரோடு ‘குடைவரை’ என்றோ ‘குகைக் கோயில்’ என்றோ சேர்த்துத் தேடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாளே புள்ளியைச் சேமித்துக்கொள்ளுங்கள், சில ஊர்களில் சிக்னல் கிடைக்காது.

எத்தனை நாள் வேணும்? சனி, ஞாயிறு ரெண்டு நாள்தான் கிடைக்கும்.

நிதானமாகப் பார்க்க நான்கு நாள். இரண்டே நாள்தான் என்றால் எல்லாவற்றையும் பாதி பாதியாகத் தொடாமல் மூன்று கட்டத்துக்கும் ஒவ்வொரு சாட்சி எடுத்துக்கொள்ளுங்கள்: குகைக்கு மாமண்டூர், ஒற்றைக்கல்லுக்கு மாமல்லபுரம், கட்டுமானத்துக்குக் காஞ்சி கைலாசநாதர். மாமல்லபுரத்துக்கும் காஞ்சிக்கும் நடுவே அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இது வசதியாகவே முடியும்.

ஒரு நாளைக்கு மூன்று இடத்துக்கு மேல் போடாதீர்கள். நாலாவது இடத்தில் கண் பார்க்கும், மனசு பார்க்காது.

எந்த வரிசையில் போறது? கிட்ட இருக்கிறதை முதல்ல பாத்துடலாமா?

முடிந்தவரை காலவரிசையில் போங்கள், இந்தத் தடத்தில் அது கிட்டத்தட்ட அமைந்தும் வருகிறது. முதல் நாள் விழுப்புரத்தில் தங்கி மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை. இரண்டாம் நாள் மேலச்சேரி, சீயமங்கலம் பார்த்துவிட்டு வந்தவாசி, செங்கல்பட்டு வழியாக இரவுக்குள் மாமல்லபுரம். மூன்றாம் நாள் முழுக்க மாமல்லபுரம். நான்காம் நாள் விடிகாலையில் கிளம்பிக் காஞ்சிபுரம். மதியம் கோயில்கள் சாத்தியிருக்கும் நேரத்தில் குரங்கணில்முட்டம், மாமண்டூர்.

ஏன் காலவரிசை என்றால், கைலாசநாதரை முதலில் பார்த்துவிட்டு மண்டகப்பட்டுக்குப் போனால் அது ஏழையாகத் தெரியும். மண்டகப்பட்டை முதலில் பார்த்தவருக்குக் கைலாசநாதரின் வாசலில் மூச்சு நின்றுவிடும். அவ்வளவு வித்தியாசம்.

போறதுக்கு முன்னாடி வரலாறெல்லாம் படிச்சிட்டுப் போகணுமா?

நாலு பெயர் தெரிந்தால் போதும். முதலாம் மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம், குகைகளைக் குடைந்தவன். அவன் மகன் முதலாம் நரசிம்மவர்மன், மாமல்லன். 642இல் சாளுக்கியத் தலைநகர் வாதாபியைப் பிடித்தவன். இராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன், சுமார் 700 முதல் 728 வரை. கடற்கரைக் கோயிலும் காஞ்சி கைலாசநாதரும் பனமலையும் இவன் காலத்தவை. அப்புறம் இரண்டாம் நந்திவர்மன், பல்லவமல்லன். வைகுந்தப் பெருமாள் கோயிலைக் கட்டியவன்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். மண்டகப்பட்டு முகப்பில் ஒரு கிரந்தக் கல்வெட்டு இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை (சுண்ணாம்புச் சாந்து) இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் இந்தக் கோயிலை எடுப்பித்தான் என்று சொல்கிறது. விசித்திரசித்தன் மகேந்திரனின் பட்டப்பெயர்களில் ஒன்று. எதெல்லாம் இல்லாமல் கட்டினேன் என்று ஒருவன் பட்டியல் போடுகிறான் என்றால், அதுவரை எதையெல்லாம் வைத்துக் கட்டினார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது. மொத்தப் பயணத்துக்கும் இந்த நாலு வரிதான் திறவுகோல்.

அங்க போய் என்னத்தைப் பாக்கிறது? எல்லாக் குகையும் ஒரே மாதிரிதானே இருக்கு?

இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. முழுசாகப் பார்க்க வேண்டாம், இரண்டே உறுப்புகளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தொடர்ந்து பாருங்கள். நான் சொல்வது தூணும் கருவறையின் பின்சுவரும்.

தூணை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டகப்பட்டில் அது தடித்த கல். அடியில் சதுரம், நடுவில் மூலைகளைச் சீவி எட்டுப்பட்டை, மேலே மறுபடி சதுரம், அவ்வளவுதான். கையால் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், பாறை மேலே விழுந்துவிடுமோ என்ற பயம் அந்தத் தடிமனில் தெரியும். தளவானூரில் முகப்புத் தூண்களுக்கு மேல் மகர தோரணம் வந்துவிடுகிறது, சதுரத்தில் தாமரை மலர்கிறது. மாமல்லபுரத்து மகிஷமர்த்தினி குகையில் தூணின் அடியில் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது, தூணும் ஒல்லியாகிவிட்டது. காஞ்சி கைலாசநாதரில் அதே சிங்கம் எழுந்து பின்னங்காலில் நின்றுகொண்டு மூலைக்கு மூலை பாய்கிறது. உட்கார்ந்த சிங்கம் எழுந்து நிற்பதற்குள் ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருக்கிறது, அதை நீங்கள் இரண்டே நாளில் பார்த்துவிடுகிறீர்கள்.

அடுத்தது பின்சுவர். மகேந்திரன் காலத்துக் கருவறைகளில் பின்சுவர் வெறுமையாக இருக்கும். இராஜசிம்மன் கோயில் என்றால் லிங்கத்துக்குப் பின்னால் சிவனும் உமையும் நடுவில் குழந்தை முருகனுமாகச் சோமாஸ்கந்தர் புடைப்புச் சிற்பம் இருக்கும். கடற்கரைக் கோயிலில் பாருங்கள், பனமலையில் பாருங்கள், காஞ்சியில் பாருங்கள், எங்கேயும் இருப்பார்கள். லிங்கமும் வழவழவென்று உருண்டையாக இருக்காது, பட்டை பட்டையாக இருக்கும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் இது யார் கோயில் என்று கல்வெட்டு படிக்கத் தெரியாமலே உங்களுக்குச் சொல்லத் தெரிந்துவிடும்.

மாமல்லபுரம் ஏற்கெனவே பலமுறை பாத்தாச்சு. மறுபடியும் எதுக்கு ஒரு முழு நாள்?

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஐந்து ரதங்களில் ஒவ்வொன்றின் கூரையையும் மட்டும் பார்த்து வாருங்கள். திரௌபதி ரதம் ஓலை வேய்ந்த குடிசை, பீம ரதம் நீள வண்டிக்கூடு போன்ற கூரை, சகாதேவ ரதம் யானையின் பின்புறம் மாதிரி வளைந்த தூங்கானை மாடம். பக்கத்திலேயே கல் யானை ஒன்றையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மரத்திலும் ஓலையிலும் கட்டி, இன்று ஒன்றுகூட மிஞ்சாத அந்தக் காலத்து வீடும் கோயிலும் எப்படி இருந்தன என்பதற்குக் கல்லில் இருக்கும் மாதிரிகள் இவை. பாண்டவர் பெயரெல்லாம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. தருமராஜ ரதத்தில் இருக்கும் கல்வெட்டு அதை அத்யந்தகாம பல்லவேசுவரம், அதாவது பல்லவ அரசனின் சிவன் கோயில், என்கிறது.

முடிக்காமல் விட்ட இடங்களைத் தவறவிடாதீர்கள், தொழில் அங்கேதான் தெரிகிறது. ரதங்களில் மேல்பகுதி முடிந்து அடிப்பகுதி கரடுமுரடாக நிற்பதைப் பார்த்தாலே உச்சியிலிருந்து கீழே செதுக்கி வந்தார்கள் என்பது புரியும். முடியாத குகைகளில் பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகக் கோடு வெட்டிப் பிரித்து, நடுவில் இருப்பதை உடைத்து எடுத்த தடம் அப்படியே இருக்கிறது.

அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பம் கிழக்கு பார்த்தது, காலை வெயிலில்தான் உருவங்கள் எழுந்து வரும். சாலையோரத்தில்தான் இருக்கிறது, டிக்கெட் கிடையாது. பெரிய யானைக்குப் பக்கத்தில் முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிற பூனையைத் தேடுங்கள், சுற்றிலும் எலிகள். பாறையின் பிளவில் நாகர்கள்.

எந்த மாசம் போகலாம்?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. கிராமத்துச் சாலைகளும் ஏரிக்கரைப் பாதைகளும் சேறாகிவிடும். சித்திரை, வைகாசியில் வெறும் பாறையில் கால் வைக்க முடியாது. காணும் பொங்கலன்று மாமல்லபுரம் பக்கம் போகவே போகாதீர்கள், கூட்டம் தாங்காது. அந்த நாளைச் சீயமங்கலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோயில் மதியம் சாத்திடுவாங்களே, அந்த நேரத்துல என்ன பண்றது?

வழிபாட்டில் இருக்கும் கோயில்கள் பொதுவாகப் பன்னிரண்டு மணிக்குச் சாத்தி நாலு மணிக்குத் திறக்கும். அதனால் தினமும் காலையும் மாலையும் வழிபாட்டுக் கோயில், நடுப்பகலில் தொல்லியல் துறைப் பொறுப்பில் இருக்கும் குகை என்று அடுக்குங்கள். குகைக்குள் வெயிலும் அடிக்காது. நான்காம் நாள் வரிசையில் மாமண்டூரை நடுவில் வைத்தது இதற்காகத்தான்.

அவ்வளவு தூரம் போய் குகை பூட்டியிருந்தா?

நடக்கக்கூடியதுதான். சின்ன ஊர்களில் இரும்புக் கம்பிக் கதவு போட்டிருப்பார்கள், சாவி காவலாளியிடமோ அர்ச்சகரிடமோ இருக்கும், அவர் வயலுக்கோ பக்கத்து ஊருக்கோ போயிருப்பார். ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, “அண்ணே, குகைக் கோயில் சாவி யார்கிட்ட இருக்கு?” என்று கேளுங்கள். பெரும்பாலும் யாராவது ஒரு பையன் சைக்கிளில் போய் ஆளைக் கூட்டி வந்துவிடுவான். டீ குடித்து முடிப்பதற்குள் கதவு திறந்துவிடும்.

அப்படியும் ஆள் கிடைக்கவில்லையென்றால் முகப்பை வெளியிலிருந்தே பார்க்கலாம். துவாரபாலகர்களும் தூண்களும் கல்வெட்டும் பல இடங்களில் முகப்பிலேயே இருக்கின்றன. பனமலை மட்டும் வேறு, அங்கே பார்க்க வேண்டிய ஓவியம் உள்ளே இருக்கிறது. அர்ச்சகர் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

கார் இல்ல. பஸ்லயே போயிட முடியுமா?

மாமல்லபுரம், காஞ்சிபுரம் இரண்டுக்கும் பஸ் தாராளம். விழுப்புரம்–செஞ்சி சாலையிலும் அடிக்கடி பஸ் ஓடுகிறது. மண்டகப்பட்டுக்கு அந்த வழியில் போய் இறங்கி மிச்சத்துக்கு நடந்தோ ஆட்டோவிலோ போகலாம். தளவானூர், பனமலை, சீயமங்கலம் மூன்றும்தான் சிரமம். டவுன்பஸ் நேரத்தை நம்பினால் ஒரு நாளைக்கு ஒரு ஊர்தான் முடியும்.

நாலு பேர் சேர்ந்தால் முதல் இரண்டு நாளுக்கு மட்டும் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, மாமல்லபுரத்தில் அதை அனுப்பிவிட்டு மிச்சத்தைப் பஸ்ஸில் முடிப்பது சிக்கனம். பேசும்போதே கிலோமீட்டர் கணக்கா நாள் கணக்கா, டிரைவர் பேட்டா எவ்வளவு, இரவு அவர் எங்கே தங்குவார் என்று தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். குகை வாசலில் மணிக்கணக்கில் நிற்பீர்கள் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு, தங்கறது எப்படி?

விழுப்புரம், மாமல்லபுரம், காஞ்சிபுரம் மூன்றிலும் எல்லா விலையிலும் அறை கிடைக்கும். நடுவில் இருக்கும் கிராமங்களில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர், வாழைப்பழம், ஒரு பொட்டலம் புளிசாதம் வண்டியில் இருக்கட்டும். காஞ்சியில் மிளகு, சீரகம், சுக்கு போட்டுக் குடலையில் மந்தாரை இலை வைத்து வேகவைக்கிற கோயில் இட்லி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துச் சாப்பிடுங்கள்.

அம்மாவுக்கு முட்டிவலி, கூட ரெண்டு குழந்தைங்க. சரிப்படுமா?

மண்டகப்பட்டும் மாமல்லபுரத்தின் பெரும்பகுதியும் காஞ்சிக் கோயில்களும் தரைமட்டம், பிரச்சினையே இல்லை. பனமலை குன்றின் மேல் இருக்கிறது, படி ஏற வேண்டும். அம்மாவை அடிவாரத்து மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் போய் வரலாம், பக்கத்தில் ஏரி, காற்று நன்றாக வரும்.

குழந்தைகளிடம் வருஷமும் வம்சமும் சொல்லாதீர்கள். ‘இந்தக் கோயிலில் எத்தனை சிங்கம்?’ என்று விட்டுவிடுங்கள், கைலாசநாதரில் ஒரு மணி நேரம் ஓடிவிடும். அங்கே கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான சுற்றுப்பாதை இருக்கிறது, குனிந்து தவழ்ந்துதான் நுழைய வேண்டும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குத்தான் அது கொண்டாட்டம்.

டிக்கெட் எவ்வளவு? நாங்க யாழ்ப்பாணத்திலிருந்து வாறம், வெளிநாட்டுக்காரர் கட்டணமோ?

இல்லை. இந்தியத் தொல்லியல் துறை கட்டணம் வாங்கும் இடங்களில் சார்க், பிம்ஸ்டெக் (தெற்காசிய, வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் கூட்டமைப்புகள்) நாட்டவருக்கு இந்தியர்களுக்கான கட்டணம்தான், இலங்கை அதில் அடங்கும். பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு வராமல் கையில் வைத்திருங்கள், கவுண்டரில் காட்டச் சொல்வார்கள். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. இந்தத் தடத்தில் கட்டணம் என்று வருவது மாமல்லபுரத்தில்தான். கிராமத்துக் குகைகளுக்கு டிக்கெட்டே கிடையாது. சாவி கொண்டுவந்து திறந்து காட்டுகிறவருக்கு உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்.

போட்டோ எடுக்கலாமா? டிரைபாட் விடுவாங்களா?

கையில் வைத்து எடுப்பதற்குப் பொதுவாகத் தடையில்லை. டிரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும், ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வழிபாட்டில் இருக்கும் கருவறையைப் படம் எடுக்கக் கூடாது. பனமலையிலும் கைலாசநாதரிலும் பழைய ஓவியங்கள் மிஞ்சியிருக்கின்றன, அங்கே பிளாஷ் போடவே கூடாது. பனமலையில் சுவரில் மங்கலாக, மகுடம் அணிந்து ஒரு காலை மடித்து ஒயிலாக நிற்கிற உமையின் ஓவியம் ஆயிரத்து முந்நூறு வருஷமாகத் தாக்குப்பிடித்து நிற்கிறது.

கல்வெட்டுல சாக்பீஸ் தடவினா எழுத்து நல்லாத் தெரியும்னாங்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். சாக்பீஸ், மாவு, தண்ணீர் எதுவும் வேண்டாம், கல் அரித்துப்போகும். டார்ச்சைக் கல்லோடு கல்லாகப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து அப்படியே எழும்பும். சீயமங்கலத்தில் எப்படியும் டார்ச் தேவைப்படும். குகைக்கு முன்னால் பிற்கால மண்டபங்கள் வந்துவிட்டதால் உள்ளே இருட்டு. அர்ச்சகரிடம் கேட்டு முகப்பின் பக்கத்தூணில் சின்னதாக ஆடிக்கொண்டிருக்கும் சிவனைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கல்லில் கிடைக்கும் ஆடல்வல்லான் வடிவங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று, ஆனால் யாரும் சுட்டிக்காட்டாவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள்.

பல்லாவரத்துலயும் மகேந்திரன் குகை இருக்காமே, இப்ப அது தர்காவாம். நாம போகலாமா?

ஆமாம், சென்னைக்குள்ளேயே இருக்கிறது. மகேந்திரனின் பட்டப்பெயர்கள் வெட்டப்பட்ட குகை இப்போது தொழுகை நடக்கும் இடமாக இருக்கிறது. சீயமங்கலத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு அர்ச்சகரைக் கேட்டு உள்ளே போவதுபோல, இங்கேயும் பொறுப்பில் இருப்பவரைக் கேட்டு, தலையை மூடி, கும்பிட வந்தவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் பாருங்கள். படம் எடுப்பதையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எந்த மாற்றமும் இல்லாமல் காலியாகக் கிடப்பதைவிட, மக்கள் விளக்கேற்றி வந்துபோகிற இடமாக ஒரு குகை இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

வழியிலதானே செஞ்சிக் கோட்டை இருக்கு, அதையும் சேத்துக்கலாமா?

சேர்க்காதீர்கள். 2025இல் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் வந்துவிட்டதால் இந்தக் கேள்வி இப்போது அதிகமாக வருகிறது. மலையேறி இறங்கவே ஒரு நாள் போய்விடும். அதைவிட முக்கியம், அது வேறு காலம், வேறு கேள்வி. கோட்டைகளுக்கென்று வேலூர், செஞ்சி, சதுரங்கப்பட்டினம் என்று தனித் தடம் போடலாம். அது தனிப் பயணமாக இருக்கட்டும்.

பனமலை பிந்தின காலத்துக் கோயில்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ஏன் முதல் நாளே அதைப் போட்டீங்க?

நியாயமான கேள்வி. வரிசையைப் பற்றிய பதிலில் ‘முடிந்தவரை’ என்று சொன்னது இதனால்தான். பனமலைக்காகக் கடைசி நாளில் காஞ்சியிலிருந்து மறுபடி விழுப்புரம் பக்கம் திரும்புவது யாருக்கும் கட்டுப்படியாகாது. அதோடு, அதே நாள் காலையில் மண்டகப்பட்டைப் பார்த்துவிட்டு மாலையில் பனமலை விமானத்தின் கீழ் நிற்பதில் ஒரு லாபம் இருக்கிறது. முப்பாட்டனின் வேலையும் எள்ளுப்பேரன் காலத்து வேலையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். நடுவில் என்ன நடந்தது என்ற கேள்வியோடு மாமல்லபுரத்துக்குப் போவீர்கள்.

மகேந்திரவாடி, வல்லம், திருச்சி எல்லாம் விட்டுட்டீங்களே?

வேண்டுமென்றுதான் விட்டேன். மகேந்திரவாடி அரக்கோணம்–காட்பாடி பாதையில் இருக்கிறது, அதே பெயரில் ரயில் நிலையமும் உண்டு. தனிப் பாறை ஒன்றை ஏரிக்கரையில் திருமாலுக்காக மகேந்திரன் குடைந்திருக்கிறான், ஒரு நாள் தனியாகப் போய்வரத் தோதான இடம். திருச்சி மலைக்கோட்டையின் மேல் குகையில் கங்காதரர் (கங்கையைச் சடையில் தாங்கும் சிவன்) சிற்பம் இருக்கிறது, ஆனால் திசையே வேறு. வல்லம் செங்கல்பட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டாம் நாள் வெளிச்சம் மிச்சமிருந்தால் நிறுத்திப் பார்க்கலாம். மகேந்திரனுக்கு அடங்கிய ஒரு சிற்றரசனின் மகன் கந்தசேனன் குடைந்தது, கல்வெட்டு தமிழில் இருக்கிறது.

மாமல்லபுரத்துல கைடு ஒண்ணு சொல்றார், புத்தகத்துல வேற மாதிரி இருக்கு. எதை நம்புறது?

அறிஞர்களே ஒத்துப்போகாத இடம் அது. பெரும்பாலோர் மாமல்லன், அவன் பேரன் பரமேசுவரவர்மன், இராஜசிம்மன் என்று பங்கு பிரிக்கிறார்கள்; தொல்லியலாளர் இரா. நாகசாமி எல்லாமே இராஜசிம்மன் ஒருவனின் படைப்பு என்று வாதிட்டார். பெரிய பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தபசா, பகீரதன் கங்கையைக் கொண்டுவந்ததா என்பதும் தீராத வழக்கு. பிளவின் உச்சியில் தண்ணீர் தேக்கிவிட ஏற்பாடு இருந்த தடம் கங்கைக் கதைக்குச் சாதகம். ஒற்றைக்காலில் நிற்கும் தவசியின் முன் சிவன் நின்று வரம் கொடுப்பது இரண்டுக்குமே பொருந்தும்.

கைடு சொல்வதைக் கேளுங்கள், எதைக் காட்டிச் சொல்கிறார் என்று பாருங்கள். கல்லில் கைகாட்டிச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன தூணும் பின்சுவரும் உங்கள் கையில் இருக்கின்றன, நீங்களே ஒரு பக்கம் சேரலாம்.

காஞ்சியில ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் இருக்கு. கைலாசநாதரா, வைகுந்தப் பெருமாளா?

கல்லுக்குக் கைலாசநாதர், கதைக்கு வைகுந்தப் பெருமாள். கைலாசநாதரில் மதிலை ஒட்டி 58 சிறு சன்னிதிகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றில் இராஜசிம்மனின் பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் கண்டறிந்த ஓவியங்களும் இந்தச் சன்னிதிகளில்தான், காவிச் சிவப்பும் கோடும் துண்டு துண்டாக. வைகுந்தப் பெருமாளில் சுற்றுமண்டபச் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அரசன் வாரிசில்லாமல் இறந்துபோகிறான், பெரியவர்கள் பல்லவர் கிளைவழியைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போகிறார்கள், மூத்த பிள்ளைகள் மாட்டேன் என்கிறார்கள், பன்னிரண்டு வயதுக் கடைசிப் பையன் நான் போகிறேன் என்கிறான். அவன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய நந்திவர்மன்.

ஒன்றுதான் என்றால் நான் கைலாசநாதரைச் சொல்வேன், அதுவும் காலையில்.

நாலு நாளும் முடிச்சாச்சு. இதே மாதிரி அடுத்து எங்க போகலாம்?

எதிரியின் ஊருக்குப் போங்கள். வாதாபி, அதாவது கர்நாடகத்துப் பாதாமி; மாமல்லன் வெற்றியைச் சொல்லும் கல்வெட்டு அங்கே ஒரு பாறையில் இருக்கிறது. நூறு வருடம் கழித்துச் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான்; கைலாசநாதர் கோயிலைத் தொடாமல், அதன் செல்வத்தைக் கோயிலுக்கே விட்டுவிட்டதாகக் கன்னடத்தில் எழுதிவைத்தான். அந்தக் கல்வெட்டு முன்மண்டபத் தூணில் இருக்கிறது, காஞ்சியில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். அவன் அரசி லோகமாதேவி அந்தக் காஞ்சி வெற்றிக்காகப் பட்டடக்கல்லில் எடுப்பித்த விருபாட்சர் கோயிலில் கைலாசநாதரின் சாயல் தெரியும்.

பாதாமிக்கு ரயில் நிலையம் உண்டு. அங்கேயே தங்கி, இருபது சொச்சம் கிலோமீட்டரில் பட்டடக்கல், இன்னும் கொஞ்சம் தள்ளி ஐகொளே என்று மூன்று நாள் போதும். மூன்றாம் குகையின் காலம் 578, மண்டகப்பட்டுக்கு முந்தியது, அதனால் அங்கேயும் குகையில் தொடங்கிப் பட்டடக்கல்லைக் கடைசிக்கு வையுங்கள். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல பருவம்.